இருபத்தோர் இழையும் நிலவின் கணக்கும்

தேவகோட்டை,
மார்கழி மாதம்.

அன்புள்ள சொக்கலிங்கம்,

இங்கு அனைவரும் நலம். என் முழங்கால் வலி மட்டும் பழையபடியே இருக்கிறது. உன் கடிதம் வந்தது திருக்கார்த்திகை அன்று. நிலவு பூமியைச் சுற்றிவர 27 நாளா, 29 நாளா என்று உன் பேரன் கேட்டதாக எழுதியிருந்தாய். அன்றிலிருந்துதான் நம் நகரத்தார் பிள்ளையார் நோன்புக்குப் புதுக் கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூல் இழையாக எடுத்து வைக்கிறார்கள் என்பதால், 21 இழையும் சேர்ந்த பிறகே பதில் எழுதுவதென்று இருந்துவிட்டேன். நேற்று நோன்பு முடிந்தது.

நேற்று இழைத் திரி எரியும் மாவை வாயில் போட்டு, இழை எடுத்துக்கொண்டு வீட்டு வளவிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, பாதிக்கும் குறைவான நிலவு, மறைந்துபோன சூரியன் இருக்கும் திசைக்கே தன் ஒளிப்பக்கத்தைக் காட்டியபடி மேற்கே சாய்ந்திருந்தது. சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் நோன்பு என்று சிறுவயது முதல் சொல்லி வந்திருக்கிறோமே தவிர, அவை இரண்டும் ஏன் 21ஆம் நாளில் கூடுகின்றன என்று நாம் இருவருமே எண்ணிப் பார்த்ததில்லை.

வான்வட்டத்தின் 360 பாகையை 27 நட்சத்திரங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்குப் பதின்மூன்றே கால் பாகைக்குச் சற்று அதிகமாக வரும். நிலவு ஒரு நாளில் நகர்வதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே கார்த்திகையில் இருந்த நிலவு 21 நாளில் 21 நட்சத்திரம் கடந்து சதயத்துக்கு வந்துவிடுகிறது. திதியின் கணக்கு வேறு. அது நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, சூரியனிலிருந்து நிலவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே பார்க்கிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால் சூரியனும் நாளுக்கு ஒரு பாகை கிழக்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு பாகையைக் கழித்தால் மிஞ்சும் 12 பாகைதான் ஒரு திதி. திருக்கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை 15, அதற்குமேல் 6 என்று எண்ணினால் வளர்பிறைச் சஷ்டி வந்துவிடும். நாள் குறைவாக இருப்பதால் இரண்டு கணக்கும் பெரிதாக விலகுவதில்லை. இதைக் கண்டு நோன்பை அமைத்தவர்கள் வட்டிக் கணக்கில் மட்டும் தேர்ந்தவர்கள் அல்லர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாதம் முழுவதும் எண்ணினால் விலகல் தெரிந்துவிடும். 27.3 நாளில் நிலவு மீண்டும் கார்த்திகைக்கு வந்துவிடும், ஆனால் முழுநிலவாக இராது. அதற்குள் பூமி தன் பாதையில் ஏறத்தாழ 27 பாகை போய்விட்டதால், சூரியனுக்கு நேர் எதிரே வருவதற்கு நிலவு இன்னும் இரண்டு நாளுக்கு மேல் ஓட வேண்டும். அதனால்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள் ஆகிறது; அடுத்த பௌர்ணமியும் கார்த்திகையைத் தாண்டி மிருகசீரிடம், திருவாதிரைப் பக்கம் விழுகிறது. மார்கழி என்ற பெயரே மிருகசீரிடத்திலிருந்து வந்ததுதான். உன் பேரனிடம் இரண்டு விடையுமே சரி என்று சொல்.

இன்னும் ஐந்து நாளில் கார்த்திகை நட்சத்திரம் வருகிறது. அன்று இரவு அவனை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், அறுமீன் கூட்டத்தின் அருகே நிற்கும் நிலவில் எந்த ஓரம் இன்னும் நிறையவில்லை என்று பார்க்கச் சொல். பார்த்ததை அவனே தன் கையால் எழுதி எனக்கு அனுப்பட்டும்.

அன்புடன்,
பழனியப்பன்