பிறர் வரைந்த வரைபடத்துக்கு முத்திரை: பதிவைப் பறிக்கத் தயங்கக்கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டட வரைபடத்தைத் தாமும் வரையாமல், வரைந்தவரையும் மேற்பார்வை செய்யாமல், கொண்டுவந்து நீட்டுபவரிடம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களில் சிலரிடம் இருந்து வருகிறது. துறையில் இருப்பவர்கள் இதைச் "சாப்பு அடித்துக் கொடுப்பது" என்று வெகு சாதாரணமாகச் சொல்வார்கள். பினாங்கில் கட்டட வரைபடப் பணியில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், இதை ஏதோ அலுவலக நடைமுறைப் பிசகாக எண்ணி எச்சரிக்கையோடு விட்டுவிடாமல், பதிவையே இழக்கத்தக்க குற்றமாக மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியம் நடத்த வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு கோட்டையும் கட்டடக் கலைஞரே தம் கையால் இழுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லா அலுவலகங்களிலும் வரைபவர்கள் என்னைப் போன்றவர்கள்தாம். ஆனால் நாங்கள் வரையத் தொடங்குவதற்கு முன்பே அவர் மனையை நடந்து பார்த்திருப்பார், வீட்டுக்காரரிடம் பேசியிருப்பார், கால்வாய் எந்தப் பக்கம், அண்டை வீட்டுச் சுவர் எங்கே என்று குறித்து வந்திருப்பார். நாங்கள் வரைந்து கொடுத்ததைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்புவார். அந்தத் திருத்தங்களுக்கெல்லாம் பிறகு இடப்படும் முத்திரைக்குப் பொருள் உண்டு. வரைபடம் முடிந்த பிறகு முதன்முதலாக அதைப் பார்ப்பவர் இடும் முத்திரைக்கு எந்தப் பொருளும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் செபராங் பிறையில் ஒரு கோயில் நிர்வாகத்தினர், தாங்கள் கட்டவிருந்த மாடி மண்டபத்தின் வரைபடத்தை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். கட்டுமானக் குத்தகையாளரின் உறவுக்காரப் பையன் வரைந்தது அது. மாடிப்படியின் ஒவ்வொரு படியும் 200 மில்லிமீட்டர் உயரம் என்று எழுதியிருந்தது. சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் 180 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. இப்படிப்பட்ட கட்டடங்களில் 16 படிகளுக்கு ஒருமுறை இடைத்தளம் வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. இந்த வரைபடத்திலோ கீழிருந்து மேல்வரை ஒரே ஓட்டமாக 20 படிகள். திருவிழா அன்னதானம் முடிந்து, பட்டுச் சேலையும் கைக்குழந்தையுமாக ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் இறங்கப்போகும் படிக்கட்டு அது. வடக்கைக் காட்டும் அம்புக்குறிகூட தலைகீழாக இருந்தது. அத்தனைக்கும் கீழே, கோலாலம்பூர் முகவரியோடு ஒரு கட்டடக் கலைஞரின் முத்திரையும் கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன.

"ஐயா, இவரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று தலைவரிடம் கேட்டேன். "இல்ல தம்பி, எல்லாத்தையும் கான்டிராக்டரே பார்த்துக்கிட்டாரு" என்றார். நல்லவேளையாக அவர்கள் வேறொரு கட்டடக் கலைஞரை அமர்த்திப் புதிதாக வரைந்து கட்டினார்கள். வாரியத்திடம் புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும், "ஒருத்தர் பொழப்புல நாம மண் அள்ளிப் போட வேணாம்" என்று மறுத்துவிட்டார்கள். நம் மக்களின் இந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முத்திரை விற்பவர் பிழைப்பதே இந்த இரக்கத்தில்தான்.

2007 ஏப்ரல் 12-க்குப் பிறகு இந்த முத்திரையின் கனம் பல மடங்கு கூடிவிட்டது என்பதைப் பலர் உணரவில்லை. அதற்கு முன்பு, குடியேறத் தகுந்த கட்டடம் என்று சி.எஃப். சான்றிதழ் வழங்கியது ஊராட்சி மன்றம். இன்று அதற்குப் பதிலாக வரும் சி.சி.சி. சான்றிதழை, வரைபடத்தைச் சமர்ப்பித்த தொழில்நிபுணரே வழங்குகிறார். அடித்தளம் முதல் தீயணைப்பு வசதிவரை 21 வகைப் படிவங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்தாகி வந்த பிறகே அவர் அதை வழங்க வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுப்பவருக்குச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 250,000 ரிங்கிட் வரை அபராதமும் 10 ஆண்டுவரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. வரைபடத்தையே சரியாகப் பார்க்காதவர், அந்த 21 படிவங்களையும் எதை நம்பி ஏற்றுக்கொள்வார்?

1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டதை மலேசியர் எவரும் மறந்திருக்க முடியாது. அதையொட்டி வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவர் உண்மையில் வரைபடப் பணியாளர்தாம். ஆயினும் ஒரு கட்டடக் கலைஞரின் பணியை ஏற்றுக்கொண்டவர் கட்டடக் கலைஞருக்குரிய அளவுகோலாலேயே அளக்கப்படுவார் என்று கூறி, 2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்மீது 10 விழுக்காடு பொறுப்பைச் சுமத்தியது. அதே வழக்கில், 2006-இல், கூட்டரசு நீதிமன்றம் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைச் சுட்டி ஊராட்சி மன்றத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. வரைபடத்தை அங்கீகரித்த மன்றத்தின்மீது வழக்காடும் வழி இப்படி அடைபட்ட பிறகு, வீடு வாங்கியவர் பிடித்துக் கேட்கக்கூடியவர்களில் முதன்மையானவர் முத்திரையிட்டவரே. அவர் பெயரளவில் மட்டும் இருந்தால் அந்தக் குடும்பம் யாரிடம் போகும்?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் 1981-இல் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரும்பு வேலை செய்த நிறுவனத்தின் வரைபடத்தில் தொங்கு கம்பிகளின் அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. பொறியாளர்களின் அலுவலகம் அந்த மாற்றத்தைச் சரிவர ஆராயாமல் ஏற்று முத்திரையிட்டிருந்தது. இணைப்புகளை வடிவமைப்பது இரும்பு நிறுவனத்தின் வேலை, அதுவே தொழில் வழக்கம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். கட்டடக் கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பொதுவான மிசூரி மாநில வாரியம் அதை ஏற்கவில்லை. பொறியாளர்கள் இருவரின் உரிமத்தையும் ரத்து செய்தது, 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "எல்லாரும் செய்வதுதானே" என்ற சமாதானத்துக்கு அங்கே கிடைத்த பதில்தான் இங்கேயும் கிடைக்க வேண்டும்.

கோயில்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் முழுக் கட்டணம் கட்டுப்படியாகாது, அதனால்தான் மலிவான முத்திரையைத் தேடுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு மாடிக்கும் 300 சதுர மீட்டருக்கும் உட்பட்ட சிறு கட்டடங்களுக்கு, வாரியத்தில் பதிவுபெற்ற வரைபடக் கலைஞரே சட்டப்படி வரைபடம் சமர்ப்பிக்கலாம். சமையலறையை நீட்டுவதற்கும் ஓர் அறையைச் சேர்ப்பதற்கும் அவரே போதும், செலவும் குறையும். அதற்கு மேற்பட்ட கட்டடத்தில் பல நூறு உயிர்கள் புழங்கும். அங்கே மிச்சம் பிடிப்பதாக நினைத்து முத்திரைக்கு மட்டும் கொடுக்கும் பணத்துக்கு வடிவமைப்பும் கிடைப்பதில்லை, மேற்பார்வையும் கிடைப்பதில்லை.

1967-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ், கண்டிக்கவும் அபராதம் விதிக்கவும் பதிவை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. புகார் வந்தால், "இது உங்கள் கையெழுத்தா?" என்ற கேள்வியோடு விசாரணை நின்றுவிடக்கூடாது. தொடக்கக் கிறுக்கல் எங்கே, திருத்திய தாள்கள் எங்கே, மனைக்குப் போனதற்கான குறிப்பு எங்கே, வரைந்தவர் யார், அவருக்கு ஊதியம் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும். மேற்பார்வை செய்தவரிடம் இவையெல்லாம் இயல்பாகவே இருக்கும். காட்ட முடியாதவரின் பதிவை முதல் முறையிலேயே நிறுத்திவைக்க வேண்டும், மீண்டும் செய்தால் ரத்து செய்ய வேண்டும். தண்டனை பெற்றவரின் பெயரும் காரணமும் தமிழ் நாளிதழ்கள் உட்பட எல்லா மொழி ஏடுகளிலும் வெளிவர வேண்டும், ஏனெனில் கோயில், பள்ளி நிர்வாகங்களில் இருக்கும் நம் பெரியவர்கள் வாரியத்தின் அறிக்கைகளைத் தேடிப் படிப்பவர்கள் அல்லர்.

ஊராட்சி மன்றங்களில் வரைபட விண்ணப்பங்களைப் பெறும் ஓ.எஸ்.சி. பிரிவு அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே முத்திரையின்கீழ் ஒன்றுக்கொன்று ஒட்டாத கைகளில் வரையப்பட்ட வரைபடங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தால், முதலில் கவனிக்கக்கூடியவர்கள் நீங்கள்தாம். அவற்றைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்தாமல், நகலை வாரியத்துக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வரைபடப் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.