நீதிமன்றத்துக்குச் செல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் அடியும் வசையும் தாங்கிய பெண், வழக்கு விசாரணைக்கு என்னென்ன ஆயத்தங்களோடு வர வேண்டும் என்பதைச் சொல்லித்தரப் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. சம்பவங்களைத் தேதிவாரியாக எழுதிய குறிப்பு, மருத்துவமனைச் சான்றுகள், அழிக்காமல் வைத்த கைபேசிச் செய்திகள், குடும்பச் செலவுக் கணக்கு ஆகியவை இருந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்பதற்கே அவை பெரிதும் உதவும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வன்முறை குறித்த அறிக்கையைத் தயாரித்துத் தருவார்; சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. விரும்பினால் மூடிய அறையில் விசாரிக்குமாறு கேட்கவும் 16-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதை அறியாமலேயே எத்தனையோ பெண்கள் ஊரார் முன்னிலையில் வாய் திறக்கத் தயங்கி நிற்கிறார்கள்.

முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தாக்கள் நீள்கின்றன. ஒவ்வொரு வாய்தாவிலும், தன்னை அடித்தவர் நிற்கும் அதே தாழ்வாரத்தில் அந்தப் பெண்ணும் காத்திருக்க நேர்வது கொடுமை. ஆகவே, எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் இவர்களுக்குத் தனிக் காத்திருப்பு அறையும், முதல் விசாரணைக்கு முன்பே நடைமுறைகளை விளக்கப் பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலரும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை