மாட்டின் மேல் உட்காருகிறவன் பிழைப்பு: ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஒரு கடிதம்

ஃபோர்ட் வொர்த், டெக்சஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நானும் உங்கள் மருமகளும் பிள்ளைகளும் இங்கே நலம். சித்தி, முத்து, கட்டுத்தறியில் நிற்கிற இரண்டு காளைகள், எல்லார் நலமும் அறிய ஆவல். சித்தியின் முட்டிவலி இப்போது தேவலையா?

முத்து யூடியூபில் ரோடியோ, அதாவது துள்ளுகிற காளை, குதிரை மேல் ஏறி எட்டு நொடி தாக்குப்பிடிக்கிற போட்டி பார்த்துவிட்டு, "எட்டு செகண்டு மாட்டு மேல உட்கார்ந்தா லட்சக்கணக்கில் குடுக்கிறாங்களாம், நானும் அண்ணன்கிட்டப் போறேன்" என்று நிற்கிறானாம். அது உண்மையா, விசாரித்து எழுது என்றீர்கள். ரோடியோவுக்குக் காளை அனுப்புகிற பண்ணையில்தான் எனக்கு வேலை என்பதால் விசாரிக்கவே தேவையில்லை. போனில் சொன்னால் பாதிதான் அவன் காதில் ஏறும். இதை அவனிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

முதலில் பணம், அவன் அதைத்தான் தேடுவான். ரோடியோ வீரனுக்குச் சம்பளம் கிடையாது, பேட்டா கிடையாது. ஒவ்வொரு ரோடியோவிலும் இறங்குவதற்கு அவன்தான் காசு கட்டவேண்டும். நடத்துகிறவர்கள் போடும் தொகையும் வீரர்கள் கட்டும் கட்டணமும் சேர்ந்ததுதான் பரிசுப்பணம். சின்ன ஊர்க் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். கமிட்டி 2,000 டாலர் போடுகிறது, 20 பேர் ஆளுக்கு 100 கட்டுகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 4,000. நாலு இடத்துக்குப் பரிசு என்றால் 40, 30, 20, 10 சதவீதம் என்று பிரிப்பார்கள். முதல் ஆளுக்கு 1,600, நாலாவது ஆளுக்கு 400. ஐந்தாவது வந்தவன் எட்டு நொடியும் முழுசாகத் தாக்குப்பிடித்திருந்தாலும் வெறுங்கைதான். டீசல், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் கைக்காசு. சங்கப் பிடித்தங்களை இதில் நான் சேர்க்கவில்லை.

இந்தக் கட்டணம் பரிசில் சேரவேண்டும் என்பதற்கே ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். 1936-ல் பாஸ்டனில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆமைகள் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மெதுவாகக் கிளம்பினாலும் தலையை வெளியே நீட்டினோம் என்று அர்த்தமாம். அதுதான் வளர்ந்து இன்றைக்கு பி.ஆர்.சி.ஏ. என்கிற தொழில்முறை ரோடியோ வீரர் சங்கம். பதினெட்டு வயது ஆனவன் அதில் முதலில் பெர்மிட் எடுக்கவேண்டும். பெர்மிட்டில் ஓடி 1,000 டாலர் பரிசு சேர்த்த பிறகுதான் முழு உறுப்பினர் கார்டு. அந்த ஆயிரத்தைச் சேர்க்கவே சிலருக்கு வருஷங்கள் ஆகும், பலர் அதோடு நின்றுவிடுவார்கள்.

முத்து பார்த்த லட்சங்கள் டிசம்பரில் லாஸ் வேகாஸில் பத்து இரவு நடக்கிற நேஷனல் ஃபைனல்ஸில் கிடைப்பவை. ஒரே இரவில் முதலிடம் பிடித்தவனுக்கு இப்போதெல்லாம் 30,000 டாலருக்கு மேல் வருகிறது. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் அந்த வருஷம் அதிகம் சம்பாதித்த 15 பேருக்குத்தான் அங்கே இடம். பதினாறாவது ஆள் வீட்டில் டிவி பார்க்கவேண்டியதுதான்.

அந்தப் பதினைந்துக்குள் வர வருஷம் முழுக்க ஓடவேண்டும். எண்பது, தொண்ணூறு ரோடியோ சகஜம். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியை எடுத்து, டீசலைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருத்தர் ஓட்ட மற்றவர்கள் பின்னால் தூங்குவார்கள். நாலு பேருக்கும் ஒரே நாளில் முறை விழுகிற மாதிரி சேர்ந்தே பெயர் கொடுக்க வழி உண்டு. ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டி ஊருக்கு ஊர் ரோடியோ. அந்த வாரத்துக்கு 'கவ்பாய் கிறிஸ்துமஸ்' என்றே பேர். மதியம் ஓர் ஊரில் ஏறிவிட்டு ராத்திரி அடுத்த மாநிலத்தில் ஏறுவார்கள். காசு வருகிற வாரமும் அதுதான், தூக்கமில்லாமல் கை கால் உடைகிற வாரமும் அதுதான்.

எந்த மாடு யாருக்கு என்பது குலுக்கலில் விழும். இங்கே பாதிப் பிழைப்பு அந்தக் குலுக்கல்தான். மதிப்பெண் நூற்றுக்கு. இரண்டு நடுவர்கள், ஒவ்வொருவரும் வீரனுக்கு 25, காளைக்கு 25 வரை போடலாம். காளை சும்மா நேராக ஓடினால் மேலே இருப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பரிசு வராது. அதனால் பெயர் விழுந்ததும் போனை எடுத்து, அந்தக் காளையில் ஏற்கெனவே ஏறினவனிடம் கேட்பார்கள்: கதவைத் தாண்டி எத்தனை குதி குதித்துச் சுற்றும், இடமா வலமா, கூண்டுக்குள் நிதானமா. மாடு சரியில்லை, ஊரும் தூரம் என்றால் கட்டிய காசு போகட்டும் என்று வராமலே இருந்துவிடுவதும் உண்டு. 80-க்கு மேல் வந்தால் நல்ல சவாரி, 90 என்றால் ஊரே பேசும். பி.ஆர்.சி.ஏ. வரலாற்றில் முழு நூறு ஒரே ஒரு தடவைதான், 1991-ல் ஆரிகனில் வேட் லெஸ்லி வாங்கினார்.

குதிரை மேல் ஏறுகிற பிரிவுகள் இரண்டு உண்டு, சேணத்தோடு ஒன்று, சேணமில்லாமல் ஒன்று. அதில் முதல் குதிப்பில் குதிரையின் முன்கால் தரையில் படும்வரை வீரனின் இரண்டு குதிமுள்ளும் அதன் தோளுக்கு மேல் இருந்தாகவேண்டும். தவறினால் மதிப்பெண்ணே கிடையாது. முத்துவுக்குக் காளைதானே ஆசை, அதற்கே வருகிறேன்.

காளைமேல் சேணம், மூக்கணாங்கயிறு எதுவும் இல்லை. பின்னிய தட்டைக் கயிறு ஒன்றுதான், ஓரிடத்தில் கைப்பிடி, அடியில் கனமான மணி. மணி அழகுக்கு இல்லை. வீரன் கையை விட்டதும் அந்தக் கனம் கயிற்றை இழுத்துக் கீழே தள்ளிவிடும். ஏறுவதற்கு முன் கயிற்றை வேலியில் மாட்டி, பழைய பிசினைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பார்கள். பிறகு கையுறை போட்ட கையில் பைன் மரப் பிசினை வைத்து, கைப்பிடியையும், வால்கயிறு என்கிற அந்தக் கயிற்றின் நீண்ட முனையையும் சூடு ஏற ஏற உருவுவார்கள். சூட்டில் பிசின் இளகினால்தான் பிடிக்கும். குளிர்காலத்தில் இதற்கே நேரம் போகும்.

காளை கூண்டுக்குள் வந்ததும் கயிற்றைத் திமிலுக்குப் பின்னால் போட்டு, வயிற்றுக்கு அடியில் தொங்குகிற முனையைக் கம்பிக் கொக்கியால் இந்தப் பக்கம் இழுத்து, வளையத்தில் கோர்ப்பார்கள். வீரன் மெல்ல இறங்கி உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கக் கையைக் கைப்பிடிக்குள் நுழைப்பான். கூட்டாளி ஒருத்தன் வேலிமேல் நின்று வால்கயிற்றை இழுத்து இறுக்குவான். தளர்வாக இருந்தால் கயிறு பக்கவாட்டில் உருண்டு ஆளோடு போய்விடும். போதும் என்றதும் வால்கயிற்றை உள்ளங்கை மேலாகப் போட்டு, புறங்கையைச் சுற்றி, மறுபடி உள்ளங்கைக்குக் கொண்டுவந்து விரலை மடக்கி, மற்றக் கையால் அந்த முஷ்டியைக் குத்திக் குத்தி மூடுவான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே கயிற்றை விட்டுச் சுற்றுகிறவர்களும் உண்டு. பிடி கெட்டியாக இருக்கும், ஆபத்தில் கை விடுபடாது. புதுசாகப் பழகுகிறவன் அதைத் தொடவே கூடாது. கடைசியாக உடம்பை முன்னால் நகர்த்தி முஷ்டிக்கு ஒட்ட உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு இறக்கி, தலையை அசைப்பான். கதவு திறந்துவிடும்.

நம் வாடிவாசலில் காளை வெளியே வரும்வரை பிடிகாரன் காத்திருப்பான், பிடிக்க வராவிட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே தலையை அசைத்தபிறகு ஒதுங்க இடமில்லை. காளையின் தோள் கதவுக்கோட்டைத் தாண்டின நொடியிலிருந்து கணக்கு. மற்றக் கை காளைமேலோ தன்மேலோ பட்டுவிட்டால் அதோடு சரி, பூஜ்யம்.

எங்கே தப்பு நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். காளை முன்புறம் எழும்பும்போது பின்னால் சாய்கிறவன் அடுத்த உதையில் கை நீண்டு முன்னால் எறியப்படுவான். பார்வை காளையின் தோள்பட்டையை விட்டு வெளியே போனால் உடம்பும் அங்கேயே போகும். காளை சுற்றும்போது சுற்றின் உள்பக்கம் விழுவதுதான் ரொம்ப மோசம், கொம்பும் காலும் அங்கேதான் வந்துகொண்டே இருக்கும். பிடித்த கை இருக்கிற பக்கம் விழுந்தால் முஷ்டி தானாகத் திறக்கும். எதிர்ப்பக்கம் விழுந்தால் கை முறுக்கிக்கொண்டு கயிற்றில் பூட்டிவிடும், காளை ஆளைத் துணி மாதிரி உதறும். அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: எப்படியாவது காலூன்றிக் காளையோடு ஓடிக்கொண்டே, மற்றக் கையால் வால்கயிற்றைப் பிடுங்கவேண்டும். இதற்கென்றே மைதானத்துக்குள் 'புல்ஃபைட்டர்' என்று இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருத்தன் காளையைத் தன்பக்கம் இழுக்க, இன்னொருத்தன் தாவிக் கயிற்றை அவிழ்ப்பான். என் கணக்கில் அந்த மைதானத்திலேயே பெரிய வீரர்கள் அவர்கள்தான்.

காளைக்கு வயிற்றில் கயிறு கட்டி வதைக்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். அது மென்மையான பருத்திக் கயிறு, பின்தொடைக்கு முன்னால் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டுவது, விரையில் இல்லை. பின்காலை நன்றாக வீசி உதைக்கவைப்பது அந்தக் கட்டு. இறுக்கிக் கட்டினால் காளை குதிக்காமல் முரண்டு பிடித்து நின்றுவிடும், அதனால் இறுக்குவதில் எங்களுக்கு லாபமில்லை. இதையும் சேர்த்து ரோடியோவே கூடாது என்கிறவர்கள் இங்கேயும் நிறைய. குதிக்கிற குணம் வம்சத்தில் வருவது, டி.என்.ஏ. பார்த்துப் பதிவு செய்தே இனம் சேர்க்கிறார்கள். நிறையக் காளைகளுக்குத் திமில் உண்டு சித்தப்பா! இந்த ஊர்ப் பிராமன் இனமே நம் நாட்டு கிர், குஜராத், நெல்லூர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் வழி வந்ததுதான். எடை பெரும்பாலும் 600 கிலோவுக்கு மேல், 900 வரைக்கும் போகும்.

அப்படிப்பட்ட உருவம் மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று 1989 ஜூலையில் செயென் ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். 1987-ன் உலக சாம்பியன் லேன் ஃப்ராஸ்ட், எட்டு நொடி முடித்து இறங்கிய பிறகு காளை முதுகில் முட்டியதில் விலா உடைந்து செத்துப்போனார். வயது 25. அவருடைய சிநேகிதர் கோடி லாம்பர்ட் அதற்கப்புறம்தான் மார்புக் கவசத்தை உருவாக்கினார். இப்போது அது இல்லாமல் யாரும் காளைமேல் ஏறமுடியாது. அடியை அது பரப்பிவிடும், கழுத்துக்கும் தலைக்கும் உதவாது. தலைக் காயம்தான் இந்தத் தொழிலின் பெரிய கடன், பின்னாளில் வட்டியோடு வரும். காளைச் சவாரிக்கென்றே இருக்கிற பி.பி.ஆர். அமைப்பில் 1994 அக்டோபர் 15-க்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் ஹெல்மெட் கட்டாயம். பழைய ஆட்கள் இன்னும் தொப்பியோடுதான் ஏறுகிறார்கள், வீம்பு. ஜஸ்டின் மருத்துவக் குழு 1980-களிலிருந்து ரோடியோவுக்கு ரோடியோ வந்து இலவசமாகக் கட்டுப்போட்டு விடுகிறது. ஆஸ்பத்திரிச் செலவும் வேலையில்லாத மாதங்களும் அவனவன் பாடு.

காளைமேல் ஏறுகிறவனுக்கு இருபதுகள்தான் காலம். முப்பத்தைந்தைத் தாண்டி நிற்பவர்கள் அபூர்வம். ஜே.பி. மோனி இரண்டு தடவை பி.பி.ஆர். உலக சாம்பியன், 2023-ல் ஐடஹோவில் கழுத்து உடைந்து 36 வயதில் நிறுத்தினார். அவரை வீழ்த்திய காளை இப்போது அவர் பண்ணையிலேயே மேய்கிறது, நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மற்றவர்கள் நடுவராக, பயிற்சி சொல்கிறவராக, காளை வளர்ப்பவராகத் திரும்புகிறார்கள். எதுவும் இல்லாமல் வலியோடு வெல்டிங் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

வெளிநாட்டுக்காரன் ஜெயிக்க முடியாதா என்று முத்து கேட்பான். முடியும். பிரேசில்காரர் அட்ரியானோ மொராயஸ் 1994, 2001, 2006 என்று மூன்று தடவை பி.பி.ஆர். உலக சாம்பியன். அவருக்குப் பின்னால் வரிசையாக வந்த பிரேசில் ஆட்கள் இங்கே பக்கத்தில் டிகேட்டர் ஊரில் குடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்கள் ஊரிலேயே பெரிய ரோடியோக்களில் ஜெயித்துவிட்டு வந்தவர்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளோ நாலைந்து வயதில் செம்மறி ஆட்டின் மேல் தொடங்கி, கன்று, இளங்காளை என்று ஏறி, பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் ரோடியோ அணியில் இருந்தவர்கள். முத்துவுக்குத் திமிலைப் பிடிக்கிற கைவலு இருக்கிறது. இங்கே வேண்டியது இடுப்பும் தொடையும், அதைவிட முக்கியம் எங்கே விழுவது என்கிற பழக்கம்.

அவனுக்கு 22 முடிந்துவிட்டது. படிப்பை முடித்துவிட்டு, பாஸ்போர்ட் எடுத்துவைத்து, சுற்றுலா விசாவில் ஒருமுறை வரட்டும். இங்கே ஸ்டாக்யார்ட்ஸ் என்கிற பழைய மாட்டுச்சந்தைப் பகுதியில் வெள்ளி, சனி ராத்திரி ரோடியோ நடக்கும், 1918-லேயே கூரைக்குக் கீழ் ரோடியோ நடந்த அரங்கம் அது. கூண்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கயிற்றில் பிசின் தேய்க்கிறதைக் காட்டுகிறேன். காளைமேல் ஏற்றமாட்டேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். கால்நடைப் படிப்பு படிக்கிற எண்ணம் இருந்தால் அதற்கு இந்த ஊரில் வழி உண்டு, தனியாக எழுதுகிறேன்.

சித்தியிடம் புளிக்குழம்புப் பொடி வாங்கி வையுங்கள், பக்கத்து வீட்டுச் செல்வம் அடுத்த மாதம் வருகிறார்.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
ராசு