செம்பனை நாட்டுத் தேர்தலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் மூன்று நாள் ஒரு நாடு இருந்தது. செம்பனை நாடு என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள். பத்தாண்டு உள்நாட்டுப் போர் ஓய்ந்து, முதல் பொதுத்தேர்தலுக்குத் தயாராகும் கற்பனை நாடு. 42 பிள்ளைகள் கட்சிக்காரர்கள், தேர்தல் ஆணையம், அகதிகள், ஆயுதத்தைக் கீழே போட்ட போராளிகள் என்று பிரிந்து அந்தத் தேர்தலை நடத்தினார்கள்.

முதல் நன்றி, எண்பதைத் தாண்டிய எங்கள் தோட்டத்து ஐயாவுக்கு.

முகாமில் இருக்கும் அகதிகளுக்கு ஓட்டு உண்டா என்று இரண்டாம் நாள் பெரிய சண்டை. அடையாளப் பத்திரம் இல்லாதவர்களைச் சேர்த்தால் பட்டியலே குழம்பிவிடும் என்று ஆணையப் பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். கம்போடியாவில் 1993 தேர்தலுக்கு முன் தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குத் திரும்ப அழைத்து வந்ததைச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அப்புறம்தான் ஐயா எழுந்தார்.

1948 ஜூனில் நம் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்ததையும், தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதையும், பால்மரம் சீவப் போகிறவர்கள் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று சோதித்ததையும் சொன்னார். அவசரகாலம் முடியுமுன்பே, 1955 ஜூலை 27-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அந்த வாக்காளர் பட்டியலில் 100 பேருக்கு இந்தியர் 5 பேர்கூட இல்லை. "எங்க அப்பா பேரும் இல்ல. குடியுரிமை இல்லன்னுட்டாங்க. இருபது வருஷமா இங்க மரம் சீவினவரு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மண்டபத்தில் சத்தமே இல்லை. பத்து நிமிடத்தில் ஆணையம் விதியை மாற்றியது: பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி சொன்னால் பெயர் சேரும். நான் ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தாலும் இது நடந்திருக்காது, ஐயா.

பல பொதுத்தேர்தல்களில் வாக்குச் சாவடியில் பணிசெய்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு அடுத்த நன்றி. ஓட்டுப் போடும் மேசை ஜன்னலோரம் இருந்ததைப் பார்த்ததும், "வெளியே நிக்கிறவனுக்குக் கை தெரியுது, நகர்த்துங்க" என்றார். போரைப் பார்த்த மக்களுக்கு அந்த மறைவு எவ்வளவு பெரிது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிஸ்கட் டின்களைப் பூட்டுப்போட்ட வாக்குப்பெட்டிகளாக்கித் தந்த பட்டறைத் தம்பிக்கும், விரல் மைக்குப் பதிலாக மருதாணி வைத்த அக்காவுக்கும், மூன்று நாளும் எங்களைப் பசியாற வைத்த பாட்டிமாருக்கும், வாடகை வாங்காத கோயில் நிர்வாகத்தாருக்கும் நன்றி.

அங்கோலாவில் 1992 தேர்தலில் தோற்ற தரப்பு முடிவை ஏற்காமல் மறுபடி துப்பாக்கி எடுத்தது. போர் 2002 வரை நீண்டது. எனக்கு அந்தப் பயம் விளையாட்டிலும் இருந்தது. மூன்று ஓட்டில் தோற்ற அணியின் தலைவி அழுதுகொண்டே மறுஎண்ணிக்கை கேட்டாள். அண்ணன் முகம் சுளிக்காமல், எல்லார் முன்னாலும் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்டி எண்ணினார். அதே மூன்று ஓட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மகளே, உனக்கும் நன்றி.

ஐயா, செம்பனை நாட்டு வாக்காளர் பட்டியலின் நகலை உங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு உங்கள் அப்பாவின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.