ஒரு வாளி அடிமண் எடுக்க எப்போது வருவீர்கள்?

குமரி மாவட்டக் கடலோரத்தின் தூய்மைக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நடந்த குறைகேட்புக் கூட்டத்துக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த பெண் நான்தான். என் முகம் உங்களுக்கு நினைவிருக்காது, பாட்டில் நினைவிருக்கும். மூடியைத் திறந்ததும் முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். “மூடுங்கள் அம்மா, முதலில் அதை மூடுங்கள்” என்றார். மூடிவிட்டேன். அதன் பிறகு உங்கள் ஆய்வறிக்கையை வாசித்தீர்கள். எங்கள் ஊர்க் கடல்நீர் அனுமதிக்கப்பட்ட அளவுகளுக்குள் இருக்கிறதாம்.

அது பொய் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எடுத்தது கரையோரம் முழங்கால் அளவில் நின்று எடுத்த தண்ணீர். காலையில் எங்கள் ஊரில் இருந்த அந்தத் தண்ணீரை நீவாடு என்று நாங்கள் சொல்லும் கடல் நீரோட்டம் இழுத்து, மாலைக்குள் வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கும். என் பாட்டிலில் இருந்தது நான்கு பாகம் (இரு கையை விரித்தால் ஒரு பாகம்) ஆழத்தில், பாறைகளுக்கு இடையிலிருந்து என் கணவர் அள்ளி வந்த சேறு. அது எங்கும் போவதில்லை. கடலில் நாம் கொட்டியது எல்லாம் அங்கேதான் அடங்கிக் கிடக்கிறது. ஆகவே என் கோரிக்கையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அடிமண்ணை எடுத்துப் பாருங்கள்.

கடியப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் கடலோரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. சிப்பி எடுக்கும் குடும்பம். என் மாமனார் எந்தக் கருவியும் இல்லாமல், கோயில் கோபுரத்தையும் வேளிமலையையும் ஒரே கோட்டில் வைத்துக் கணியம் பார்த்து, எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாறைக்கு அடியில் சீனி போன்ற மணல் கிடக்கும், அதில் கால் வைத்தால் நண்டு ஓடும், பொந்துக்குள் சிங்கிறால் என்ற பெரிய இறால் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே பாறைகளில்தான் என் கணவரும் முங்குகிறார். முகத்தில் கண்ணாடி, கையில் ஓர் இரும்பு, இடுப்பில் வலைப்பை. அவ்வளவுதான் முதலீடு.

சிப்பியின் நாரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நாரால்தான் அது பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரிய அலை வந்து அடித்தாலும் விடாது. இரும்பை வைத்து நெம்பினால்தான் வரும். இந்தப் பருவத்தில், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு அருகிலுள்ள பாறைகளில் இரும்புக்கே வேலை இல்லை. கை பட்டாலே சிப்பி கழன்று வருகிறது. முதல் நாள் வந்து சொன்னபோது என் கணவர் சிரித்தார், வேலை எளிதாகிவிட்டது என்றார். மூன்றாம் நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நலிந்த சிப்பிக்குப் பிடி தளர்ந்துவிடும் என்பது எங்கள் ஊரில் சிறுவர்களுக்கும் தெரியும்.

திண்ணையில் கொட்டிப் பிரிப்பது என் வேலை. உயிருள்ள சிப்பியைத் தட்டினால் வாயை இறுக மூடிக்கொள்ளும். செத்தது அப்படியே வாய் பிளந்து கிடக்கும். பாதிக்கு மேல் வாய் பிளந்தவை. உள்ளே சதை இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த களி. கத்தியைக் கழுவினாலும் அழுகிய முட்டை நாற்றம் போகவில்லை. மூடிய சிப்பியை மட்டும் பொறுக்கி, இரண்டு நாள் சுத்தமான கடல்நீர் மாற்றி, உடைத்து, சந்தைக்குக் கொண்டுபோனேன். பல ஆண்டுகளாக என்னிடம் வாங்கும் அம்மா ஒருவர் தேங்காய் வறுத்து அரைத்துக் கறி வைத்திருக்கிறார். மறுவாரம் வந்து, பேரனுக்கு இரவெல்லாம் வாந்தி என்றார். சண்டை போடவில்லை. “மக்களே, எந்தக் கடலில் எடுத்தது?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், எழுதவே கூசுகிறது. அந்த வாரத்திலிருந்து என் பிள்ளைகளுக்கு நான் சிப்பி சமைப்பதில்லை. ஆனால் விற்கிறேன். விற்காவிட்டால் அடுப்பு எரியாது. என் வீட்டில் கொடுக்காததை ஊரான் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள். இதற்கு எந்த அறிக்கையில் அளவு போட்டிருக்கிறது?

சிப்பி ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் உண்கிறது. அந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமி, எண்ணெய், ஈயம், பொடிப் பிளாஸ்டிக் எதுவானாலும் அதன் உடம்பில் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் உலகின் பல கடலோரங்களில் சிப்பியின் சதையைச் சோதித்தே கடலின் நலத்தைக் கணிக்கிறார்கள். சாக்கடையோடு வரும் அழுக்கு அடியில் படிந்ததும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. மேலே அலை அடித்து நுரைத்துக்கொண்டிருந்தாலும் கீழே சேற்றுக்குள் மூச்சு இல்லை. சேறு கறுக்கிறது, நாறுகிறது. நண்டு ஓடித் தப்பிவிடும், மீன் நீந்திப் போய்விடும். சிப்பியும் மட்டியும் மண்புழுவின் உறவுக்காரர்களான கடற்புழுக்களும் எங்கே போகும்? கடைசியில் எதையும் தாங்கும் ஓரிரு வகைப் புழுக்கள் மட்டும் கூட்டம் கூட்டமாகப் பெருகும். எத்தனை வகை உயிர் இருக்கிறது, எது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணினாலே மாசின் அளவு தெரிந்துவிடும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மண் அள்ளும் கவ்வி ஒன்றும், அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை ஒன்றும், பொறுமையுள்ள ஓர் ஆளும் போதும்.

குற்றம் முழுவதும் உங்கள் தலையில் என்று சொல்ல மாட்டேன். கிழிந்த வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். அது அடியில் பாறையைப் போர்த்திக்கொண்டு, ஆள் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் மீன் பிடிக்கிறது. எஞ்சின் எண்ணெயைக் கடலில் ஊற்றுகிறோம். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, பழைய படகுப் பாதையான ஏ.வி.எம். கால்வாயிலும் காயல்களிலும் ஊறப்போட்டு அடியைக் கறுக்க வைத்தவர்களும் இந்த மாவட்டத்துக்காரர்களே. ஆனால் சுசீந்திரம் தாண்டி மணக்குடியில் கடல் சேரும் பழையாறும், எங்கள் பக்கம் வள்ளியாறும், தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் தூக்கி வருவது மீனவன் போட்ட குப்பை இல்லையே. மலையடிவாரம் முதல் நகரம் வரை எல்லோரும் கழுவிவிட்டது அது. கோடையில் பொழிமுகம் மணல் மூடிக் கிடக்கும்போது எல்லாம் உள்ளே ஊறுகிறது. மழை வந்து அந்த மணல் உடைந்து பொழி முறிந்தால் ஒரே நாளில் எங்கள் பாறைகளின் மேல் வந்து விழுகிறது.

இதற்கு நடுவில் 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கியது. ஜவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் எங்கள் கரையிலும் ஒதுங்கின. வாரி எடுத்தார்கள், நன்றி. கைக்கு அகப்படாதவை என்ன ஆகும்? மிதக்கும் பிளாஸ்டிக்கிலும் நாளடைவில் பாசி பிடித்து, கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டி, கனத்து, கீழே போகும். கரை சுத்தமாகிவிட்டது என்று படம் எடுத்துப் போட்டாயிற்று. அடியை யாரும் படம் எடுப்பதில்லை.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாயில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் கட்டி, 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். நானும் பிள்ளைகளோடு போய் நடந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. காலடியில் கடல் தெரிகிறது என்று எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். கடலைக் குனிந்து பார்க்க 37 கோடி கிடைத்த மாவட்டத்தில், இன்னும் கொஞ்சம் குனிந்து ஒரு வாளி சேற்றை எடுக்கப் பணம் கிடைக்கவில்லை என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. குமரிக்குத் தெற்கே கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேட மட்டும் எவ்வளவு ஆழத்துக்கும் போக ஆள் இருக்கிறது. எங்கள் சேற்றைத் தோண்ட வேண்டியது ஒரு சாண் ஆழம்தான் ஐயா. அதற்கு ஆள் இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மூன்று ஆற்று முகங்களிலும், துறைமுகங்களிலும், ஒப்பிட்டுப் பார்க்கக் கழிவு சேராத ஒரு பாறையிலும் அடிமண்ணை எடுத்துப் பாருங்கள். பொழி முறிவதற்கு முன் ஒரு முறை, முறிந்த பின் ஒரு முறை. மண்ணில் என்ன உயிர் இருக்கிறது, என்ன நஞ்சு இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். சிப்பியின் சதையையும் சோதியுங்கள். முடிவைப் புரியும் தமிழில் எழுதி, ஊராட்சிப் பலகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள். எந்தப் பாறையில் எடுக்கலாம், எதில் எடுக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும், நாங்களே விலகிக்கொள்வோம். ஆய்வுக்கு வெளிநாட்டிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடலறிவியல் மையம் நம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கேட்டால் சொல்லித் தருவார்கள்.

வள்ளம் எங்களுடையது, டீசலும் நாங்களே போட்டுக்கொள்கிறோம். இடத்தை என் கணவர் காட்டுவார். காற்று எழும்பும் முன், காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில் கட்டன் சாயா குடிக்கலாம். போன முறை போலவே, கைக்குட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
சிப்பி விற்கும் ஒரு பெண்