பெட்டி இலக்கம் 237

புளியந்தீவு, மட்டக்களப்பு
டிசம்பர் 3

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நல்ல சுகம். உன் சுகத்தைத் தொலைபேசியில் கேட்டால் ‘ஓம், சுகம்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். எழுதிக் கேட்டதற்கு எழுதித்தான் பதில் போடவேண்டும். தபாற் கந்தோரில் இருந்தவனுக்கு இந்த உரிமையாவது வேண்டும். தபாலில் போட்டால் நத்தார் கழிந்துதான் உன் கைக்கு வரும் என்று அம்மா சொல்கிறாள். ஆகவே சின்ன மாமாவின் மகன் இதைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். அவன் வாசிக்கமாட்டான். வாசித்தாலும் என் கையெழுத்து அவனுக்கு விளங்காது.

மழை விட்டபாடில்லை. முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள், வாவி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கிணற்றடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் நீ போட்டுத் தந்த கூரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அயல் வீட்டு வாத்தியார் வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ‘மகள் போட்டது’ என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

நீ பெயர் எழுதி அனுப்பிய நத்தார்ப் படங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். இந்த மழைக்கு வேறு என்ன செய்வது? அம்மாவுக்கு முழங்கால் வலி, படியிறங்க முடியவில்லை. அந்தப் பொடியன் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் செருகிவிட்டுப் போவான்.

அமெரிக்கத் தொலைக்காட்சியான ஹோல்மார்க்கின் படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குப் பிடித்தவை அவைதான். நகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் பெண் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே மூடப்போகும் ஒரு பேக்கரி, கட்டம் போட்ட சட்டையோடு ஒரு தச்சன். மிச்சத்தை நம் வீட்டுப் பூனையும் சொல்லும். நம் படங்களில் சண்டை முடிந்த பிறகு பொலிஸ் வருவதுபோல, இவர்களுக்கு மனம் ஒத்த பிறகு பனி கொட்டுகிறது. 2009 முதல் வருடந்தோறும் நத்தாருக்கென்று வரிசை கட்டிப் போடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதியை எடுப்பது நீ இருக்கும் கனடாவில்தான், அதுவும் பலவற்றைக் கோடை வெயிலில், செயற்கைப் பனியைத் தூவி. கம்பளிச் சட்டைக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டு குளிர்வதாக நடிக்கிறார்கள். இதை அம்மாவுக்கு விளக்கினேன். ‘தெரிந்து என்ன செய்ய, நீங்கள் பேசாமல் பாருங்கள்’ என்றாள்.

எனக்கு அந்தப் படங்களில் ஒன்றுதான் பொறுக்காது. முக்கால் படம் போனதும் ஒரு பிணக்கு வரும். அவள் எதையோ அரைகுறையாகக் கேட்பாள், அவன் விளக்கம் சொல்லாமல் வண்டியில் ஏறிப் போவான். ‘என்ன நடந்தது?’ என்று யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்டால் படம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெற்ற தாய் தகப்பன்கூடக் கேட்கமாட்டார்கள், தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் சத்தம் போட்டே ஏசினேன். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் முடிவு தெரிந்த படம் என்று இவற்றை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மருமகன் அப்படித்தான் பேசுவார் என்று முன்பு சொல்லுவாய், சோபாவிலேயே தூங்கிவிடுவார் என்று சிரிப்பாய். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கள் ஊர் நத்தார்களைப் பார்க்காதவர். 2004 இல் நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. 2005 இல் மரியாள் கோயிலில் நள்ளிரவுப் பூசையில் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். அம்மா இன்றைக்கும் நள்ளிரவுப் பூசைக்குப் போவதில்லை, காலைப் பூசைக்குத்தான். அப்படிப்பட்டவள், ஒரு நத்தாராவது நல்லபடி முடியும் என்று முதலே தெரிந்துகொண்டு உட்கார்ந்து பார்ப்பதில் என்ன குறை? அவருக்கு இதைச் சொல். நேரம் கிடைக்கும்போது சொல். நான் ஒன்றும் கேட்கவில்லை.

‘வைல் யூ வெயார் ஸ்லீப்பிங்’ என்ற 1995ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத இருந்தேன். சிக்காகோவில் பயணிகளிடம் ரயில் டோக்கன் வாங்கிப்போடும் பெண், சாண்ட்ரா புல்லக் நடிக்கிறாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து மனிதர்களின் கையை மட்டும் பார்க்கும் வேலை. எனக்கு அந்தத் தொழில் தெரியும். தண்டவாளத்தில் விழுந்தவனைக் காப்பாற்றுகிறாள். அவன் நினைவில்லாமல் கிடக்க, இவள்தான் அவனைக் கட்டப்போகிறவள் என்று அவன் வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். அவள் சொல்லத் தொடங்கும் போதெல்லாம் யாராவது கட்டிப்பிடிக்கிறார்கள். கடைசியில் கல்யாணத்தன்று, குருவானவருக்கு முன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஒருவரும் அவளைத் தூக்கி எறியவில்லை. பிறகு அந்தக் குடும்பமே டோக்கன் கூண்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அம்மா அழுதாள். எனக்கும் மூக்கடைப்பு, மழைக்காலம்தானே.

ஆனால் என் மனதில் நின்றது படத்தின் தொடக்கம். நத்தாரன்று யார் வேலைக்கு வருவது என்ற பேச்சு வரும்போது மேலாளர் இவளிடம்தான் வருகிறார். மற்றவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, இவளுக்கு ஒருவரும் இல்லை.

போன கிழமை நீ என்ன சொன்னாய்? ‘25ஆம் திகதி நான்தான் டியூட்டி அப்பா, குடும்பம் உள்ளவர்கள் லீவு எடுக்கட்டும்’ என்றாய். நான் ‘நல்லது’ என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்தச் சொல் எனக்குள் இறங்கியது. குடும்பம் உள்ளவர்கள் என்றால்? நீ யார் மகள்?

அந்த டியூட்டியை எடுக்காதே. மாற்ற முடிந்தால் மாற்று. தாதிமார் பரீட்சையை அந்த நாட்டில் மறுபடி எழுதி, குளிரில் பஸ்ஸுக்கு நின்று, இன்றைக்கு ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிறாய். மீன் சந்தையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அம்மாவுக்கு வெட்கமாக இருக்கிறதாம். ஆனால் வார்டு உன்னுடையது என்பதற்காக நத்தாரையும் அதற்கே எழுதிக் கொடுப்பதா? நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்தை மூடிக்கொண்டு போ. அந்த டியூட்டியை எடுக்காதே.

செப்டெம்பரிலிருந்து நாங்கள் அழைக்கும் போதெல்லாம் மருமகன் வேலையில் நிற்கிறார். வேலை நல்லதுதான். கமராவில் உன் முகமும் பின்னால் வெறும் வெள்ளைச் சுவரும் தெரிகிறது. முன்பு அந்த இடத்தில் கல்யாணப் படம் தொங்கும், அதற்குக் கீழே அம்மா கொடுத்துவிட்ட மாதா சுரூபம் இருக்கும். நீ இடம் மாறி உட்கார்ந்திருப்பாய். வெளிச்சம் அங்கே நல்லதாக இருக்கும். சொந்தத்தில் சிலர் அம்மாவிடம் வந்து ‘பிள்ளையின் பாடு எப்படி?’ என்று நீட்டி இழுத்துக் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரியாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்? உன் மச்சாளுக்குச் சொல்ல முடிந்ததை எங்களுக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. நான் படத்தைப் பற்றி எழுத வந்தவன்.

‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946 இல் பிராங்க் கப்ரா எடுத்தது. வந்தபோது பணத்தைச் சம்பாதிக்கவில்லை. 1974 இல் உரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் சும்மா கிடைக்கிறது என்று ஒவ்வொரு நத்தாருக்கும் போட்டுப்போட்டே அதைப் பெயர்பெற்ற படமாக்கின. அதில் கதாநாயகன் எண்ணாயிரம் டொலர் காணாமல் போனதை வீட்டில் சொல்லாமல், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, பனியில் தனியே பாலத்துக்குப் போகிறான். அந்தக் காட்சி வந்ததும் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள், முடியும்வரை வரவில்லை. அவன் மனைவி கெட்டிக்காரி. புருஷன் சொல்லாவிட்டால் என்ன, அவள் ஊருக்குச் சொன்னாள். ஊர் கூடை நிறையக் காசோடு வந்து வீட்டை நிரப்பியது. ‘வைட் கிறிஸ்மஸ்’ எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டு நல்லது. பனி பெய்யவில்லையே என்று ஒரு விடுதி முழுக்கக் கவலைப்படுவதைப் பார்த்து, வெள்ளம் வடியவில்லையே என்று கவலைப்படுகிற நாங்கள் என்ன சொல்வது?

கடைசியாகப் பார்த்தது 1940ஆம் ஆண்டின் ‘த ஷொப் அரவுண்ட் த கோர்னர்’. லூபிட்ச் எடுத்த படம். பாலத்துக்குப் போன அதே ஜேம்ஸ் ஸ்டுவர்ட்தான் இதிலும், ஆனால் இன்னும் இளமை. புடாபெஸ்டில் ஒரு தோற்பொருள் கடை. அங்கே எந்நேரமும் முட்டிக்கொள்ளும் இருவர், ஆள் தெரியாமல் ஒருவருக்கொருவர் காதல் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். இதையே 1998 இல் மின்னஞ்சலாக மாற்றி எடுத்தார்கள். மின்னஞ்சலில் என்ன இருக்கிறது, கையெழுத்து உண்டா, முத்திரை உண்டா?

அவளுடைய தபால் பெட்டி இலக்கம் 237. எழுதுகிறவள் அவள்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, கடிதம் போடவில்லை. அவள் தபாற் கந்தோருக்கு வருகிறாள். கமரா பெட்டியின் உட்பக்கத்தில், நாங்கள் நிற்கும் பக்கத்தில் நிற்கிறது. சின்னக் கதவு திறக்கிறது. கையுறை போட்ட கை உள்ளே வந்து அடிப்பலகையைத் துழாவுகிறது. ஒன்றும் இல்லை. கை போகிறது. பிறகு அந்தச் சதுரத்துக்குள் அவள் முகம். வசனம் கிடையாது.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கத்தில் நின்றவன் நான். பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் பெண்கள் கவுண்டருக்கு வந்து ‘ஐயா, எனக்கு ஏதும்?’ என்பார்கள். இல்லை என்று சொன்ன பிறகும் போகமாட்டார்கள். கடிதக் கட்டை இன்னொரு தடவை புரட்டிக் காட்டச் சொல்வார்கள், புரட்டிக் காட்டுவேன். ‘கெட்ட செய்தி என்றாலும் பரவாயில்லை ஐயா, ஒன்று வரட்டும்’ என்று ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒருத்தி சொன்னாள். படத்தைப் பற்றி எழுதும்போது அது ஞாபகம் வந்தது, வேறொன்றும் இல்லை.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் கடைக்கார முதலாளிக் கிழவர். மனைவியால் மனமுடைந்தவர். நத்தாருக்கு முதல்நாள் இரவு கடை முடிந்ததும் தெருவில் நின்று, வெளியே வரும் வேலையாட்களை இராச்சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறார். நேரே கேட்கவில்லை, எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்கிறார். எல்லோருக்கும் போக இடம் இருக்கிறது. கடைசியில் புதிதாகச் சேர்ந்த எடுபிடிப் பையன் வருகிறான், அந்த ஊரில் அவனும் தனி. கிழவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். சூப், வாத்து இறைச்சி, வெள்ளரிக்காய்ச் சலாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறார், பையன் எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறான். அம்மா அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னாள்.

நத்தாரன்று காலைப் பூசை முடிந்து வந்து ஒன்பது மணிக்கு அழைப்போம். உனக்கு அப்போது முந்தின இரவு பத்தரை. எடு. வீட்டைச் சுற்றிக் காட்டத் தேவையில்லை, அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னாலேயே இரு. எவ்வளவு நேரமானாலும் இரு. இரவு டியூட்டியையும் எடுத்துவைக்காதே.

இன்னொன்று. பெரியம்மாவின் மகன் 15ஆம் திகதி ரொறன்ரோவுக்கு வருகிறார். ஒரு கிலோவுக்கு மேல் தரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அம்மா கஜுவும் பிளம்ஸும் இஞ்சிப்பாகும் வெட்டி ஊறப்போட்டிருக்கிறாள், பயற்றம்பணியாரமும் வைக்கவேண்டும் என்கிறாள். கேக் ஒருவருக்கு வெட்டுவதா, இருவருக்கு வெட்டுவதா என்று கேட்கச் சொன்னாள். எது என்றாலும் பார்சலில் இடம் இருக்கிறது. 12ஆம் திகதிக்கு முன் எழுது.

அன்புடன்,
அப்பா