சார்லி பிரைடின் மற்ற பாட்டுகளையும் போடுங்கள்: கண்ட்ரி வானொலிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கண்ட்ரி இசை (அந்நாட்டுக் கிராமியப் பாணி இசை) வானொலிகளில் பாட்டுத் தேர்வு செய்யும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிலையங்களை இணையம் வழியாகக் கேட்கும் தூரத்து நேயர் நான். நான் கேட்ட வரையில், கறுப்பினக் கண்ட்ரி பாடகர் சார்லி பிரைடின் பாட்டு எப்போதாவது வந்தால் அது பெரும்பாலும் 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்' ஆகத்தான் இருக்கிறது. 1971-இல் வந்த அருமையான பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பில்போர்ட் என்ற இசைப் பத்திரிகையின் கண்ட்ரி பட்டியலில் 29 முறை முதலிடம் பிடித்த மனிதருக்கு இந்த ஒரு பாட்டு போதுமா?

அவர் கதை தொடங்குவதே ரேடியோவில்தான். மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்லெட்ஜ் என்றொரு சிற்றூர். அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பம், பதினொரு பிள்ளைகள். 1934 மார்ச் 18-இல் பிறந்த பையனுக்கு அப்பா வைக்க நினைத்த பெயர் 'சார்ல்'. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை விழுந்து அது சார்லி ஆகிவிட்டது. வீட்டில் ஒரு ஃபில்கோ ரேடியோ இருந்தது. சனிக்கிழமை ராத்திரியானால் அப்பா அதில் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற கண்ட்ரி கச்சேரி நிகழ்ச்சியை வைப்பார். பகலில் பஞ்செடுத்த பிள்ளை ராத்திரியில் கண்ட்ரி பாடகர்கள் எர்னஸ்ட் டப்பையும் ஹாங்க் வில்லியம்ஸையும் கேட்டுக் கேட்டே பாடப் பழகினான். பதினாலு வயதில் சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து பத்து டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினான்.

கேட்பவர் கறுப்பரா வெள்ளையரா என்று அந்த ரேடியோ பார்க்கவில்லை. ஆனால் அதற்குள் பாடுகிறவர் யார் என்று மட்டும் பார்த்தார்கள். என் மனதை உறுத்துவது இதுதான். இந்த மடலும் அதைப் பற்றித்தான்.

உண்மையில் அவருடைய கனவு பேஸ்பால். கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த லீகில் பந்து வீசினார். ஒருமுறை அவரையும் இன்னோர் ஆட்டக்காரரையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு பழைய பஸ்ஸைப் பெற்றுக்கொண்டார்கள். அப்புறம் மொன்டானா மாநிலத்துக்குப் போய் ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. ஆலையின் அணிக்கும் ஆடினார். ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் பாடினால் கூடுதலாகப் பத்து டாலர் கிடைக்கும்.

1965-இல் ஆர்சிஏ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் செட் அட்கின்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார். மேலதிகாரிகளுக்கு முதலில் குரலைப் போட்டுக் காட்டி, பிடித்திருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பாடுகிறவர் யார் என்பதைச் சொன்னார். 1966-இல் முதல் இசைத்தட்டு உங்களைப் போன்ற நிலையங்களுக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாகப் பாடகரின் படமும் கூடவே வரும். இவருக்குப் படம் வரவில்லை. தட்டின் மேல் 'கண்ட்ரி சார்லி பிரைட்' என்று பெயர் மட்டும் இருந்தது. ஊசியை வைத்தார்கள். நிதானமான, கனத்த, தெளிவான குரல். பிடித்துப்போயிற்று, போட்டார்கள்.

அதே ஆண்டு டெட்ராய்டில் பெரிய கச்சேரி. ஏறக்குறைய பத்தாயிரம் பேர். பெயரை அறிவித்ததும் கைதட்டல் அரங்கத்தை நிறைத்தது. அவர் மேடைக்கு வந்து வெளிச்சத்தில் நின்றதும் தட்டிய கைகள் அப்படியே நின்றுபோயின. அந்த அமைதிக்குள்தான் அவர் பேச வேண்டியிருந்தது. இந்த 'நிரந்தர வெயில் நிறத்தோடு' கண்ட்ரி பாட வந்திருப்பது கொஞ்சம் புதுசுதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்ல, கூட்டமும் சிரித்தது. பாடினார், கூட்டம் அவர் பக்கம் வந்துவிட்டது. இந்தச் சம்பவத்தைப் பலரும் ஓர் இனிய வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு இனிக்கவில்லை. பாட வந்தவர் தன் நிறத்துக்கு விளக்கம் கொடுத்த பிறகே முதல் வரியைத் தொட முடிந்திருக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1967 ஜனவரியில் ஆப்ரி மேடையில் அவரை அறிமுகம் செய்தவர், சிறுவயதில் அவர் ரேடியோவில் கேட்ட அதே எர்னஸ்ட் டப். 1971-இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர். 2000-இல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். 1976-இல் குண்டுகளுக்குப் பயந்து வெளியூர்க் கலைஞர்கள், கத்தோலிக்கர்-புராட்டஸ்டன்ட் மோதல் நடந்துகொண்டிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைத் தவிர்த்த நேரத்தில் இவர் போய்ப் பாடினார். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களுக்கு உயிரான 'கிரிஸ்டல் ஷாண்டலியர்ஸ்' பாட்டை உங்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு ஒலிபரப்பினீர்கள்?

அவரது கடைசி முதலிடப் பாட்டு 1983-இல். அதன் பிறகு இன்னொரு தனிக் கறுப்பினப் பாடகர் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வர 2008 ஆயிற்று. டேரியஸ் ரக்கர் வரும் வரை 25 ஆண்டுகள். நல்ல குரல் எப்படியும் மேலே வந்துவிடும் என்று சிலர் சொல்லலாம், ஆனால் அந்த 25 ஆண்டுகளும் பாட ஆளே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. 2024-இலும் கறுப்பினப் பாப் பாடகி பியான்சேயின் கண்ட்ரி பாட்டை ஒரு நேயர் கேட்டபோது, ஒக்லஹோமாவில் ஒரு நிலையம் 'நாங்கள் கண்ட்ரி நிலையம், அவர் பாட்டைப் போடுவதில்லை' என்று பதில் எழுதியது. ஊர் கூடிக் கேட்ட பிறகுதான் போட்டது.

தன்னை ஓர் இனத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பதை பிரைட் விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்கள் தன் இனத்தைக் குறிக்கும் சொல்லைக் காலத்துக்குக் காலம் மாற்றிக்கொண்டே, கண்ட்ரியில் அந்த இனத்தின் முதல் ஆளாக இருப்பது எப்படி இருக்கிறது என்ற அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்காகத் தனி நினைவு நிகழ்ச்சி நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மற்ற பழைய கண்ட்ரி பாடகர்களான ஜார்ஜ் ஜோன்ஸையும் மெர்ல் ஹாகர்டையும் எப்படிப் போடுகிறீர்களோ, அப்படி இவருடைய பத்துப் பதினைந்து பாட்டுகளை உங்கள் அன்றாடப் பட்டியலில் வையுங்கள். அவர் கதையைச் சொல்லும்போது படம் அனுப்பாத விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிதாக வரும் கறுப்பினப் பாடகரின் பாட்டு மேசைக்கு வந்தால், இது கண்ட்ரிதானா என்று கேட்பதற்கு முன் ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

2020 நவம்பர் 11-ஆம் தேதி வாழ்நாள் சாதனையாளர் விருது வாங்கிய மேடையில், 86 வயதில், ஓர் இளம் கறுப்பினப் பாடகரோடு சேர்ந்து அந்தப் பழைய 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்' பாட்டைப் பாடினார். ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, டிசம்பர் 12-ஆம் தேதி, கொரோனாவால் டாலஸில் இறந்துபோனார்.

வரும் சனிக்கிழமை ராத்திரி அவருடைய 'ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ' பாட்டைப் போடுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
ஒரு தூரத்து நேயர்